செல்ஃப் எடுக்கவில்லையா? பழைய பைக்கில் பழுதைப் படிப்படியாகத் தேடும் வழி

பத்து, பதினைந்து வருடம் ஓடிய பைக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரச்சினையைச் சந்தித்திருப்பார்கள். சாவியைப் போட்டால் விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, பட்டனை அழுத்தினால் மட்டும் செல்ஃப், அதாவது என்ஜினைச் சுற்றிவிடும் சின்ன மோட்டார், எடுப்பதில்லை. யாரிடம் கேட்டாலும் முதல் பதில், "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க" என்பதுதான். மாற்றுவோம். சில நாள் நன்றாக எடுக்கும், அப்புறம் பழைய கதை. அடுத்து, "அப்போ மோட்டார்தான்" என்பார்கள். மோட்டாரும் மாறும். கடைசியில் பார்த்தால் பழுது ஏதோ ஒரு நட்டு முனையில், துருவிலோ பெயிண்டிலோ இருந்திருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் கரண்ட் போகிற வழியை ஒரு முறை ஒழுங்காகப் பாருங்கள். பேட்டரியில் தொடங்கி மோட்டார் வரை போய், அங்கிருந்து திரும்பவும் பேட்டரிக்கே வரும் வழி அது. அந்த வழியில் எந்த இடத்தில் வோல்ட் தொலைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பழுது கையில் வந்துவிட்டது. இதற்கு எலக்ட்ரீஷியனாக இருக்கத் தேவையில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 8, 10, 12 ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் வாஸ்லின் போதும். பல்சர், அப்பாச்சி, யூனிகார்ன், டிஸ்கவர், தண்டர்பேர்டு என்று எந்த வண்டியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ரிலே (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) எங்கே இருக்கிறது, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பது மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் இருப்பதைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சோதனைக்காக மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்கும்போது கியரில் இருந்தால் வண்டி பாயும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி கூடாது. கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் பெரிய பொறி பறக்கும். மைனஸ் ஏற்கெனவே கழற்றியிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

கரண்டுக்கு இரண்டு வழிகள்

செல்ஃப் சர்க்யூட்டில் ஒரு தடித்த வழியும் ஒரு மெல்லிய வழியும் உண்டு. தடித்த வழி: பேட்டரி பிளஸ், ரிலே, செல்ஃப் மோட்டார், என்ஜின் உடம்பு, எர்த் வயர், பேட்டரி மைனஸ். மோட்டாரைச் சுற்றும் கரண்ட் முழுக்க இதில்தான் போகும். மெல்லிய வழி: பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச், செல்ஃப் பட்டன், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், ரிலேயின் உள்ளே இருக்கும் காயில். இந்த வழியில் போவது கொஞ்சம் கரண்ட்தான். அதன் ஒரே வேலை ரிலேயை இழுத்து, தடித்த வழியைத் திறந்துவிடுவது. ரிலே இழுக்கும்போது வருகிற சத்தம்தான் நாம் கேட்கும் அந்த "டிக்".

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டிக் சத்தம் வந்தால் மெல்லிய வழி கிட்டத்தட்ட நன்றாக இருக்கிறது, தடித்த வழியில் தேட வேண்டும். வரவில்லை என்றால் மெல்லிய வழியில் தேட வேண்டும்.

முதலில் காதால் கேளுங்கள்

எதையும் கழற்றாமல் சாவியைப் போட்டு பட்டனை அழுத்துங்கள். கண் ஹெட்லைட்டிலோ நியூட்ரல் விளக்கிலோ இருக்கட்டும், காது ரிலே இருக்கும் சைடு கவர் பக்கம் இருக்கட்டும்.

சத்தமே இல்லை, விளக்கும் கொஞ்சம்கூட மங்கவில்லை என்றால் பட்டன், கிளட்ச் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே காயில் பக்கம் பார்க்க வேண்டும். "டிக்டிக்டிக்டிக்" என்று விடாமல் வேகமாக அடித்து, விளக்கும் கூடவே துடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை. ரிலே இழுத்ததும் வோல்ட் சரிகிறது, சரிந்ததும் ரிலே விடுகிறது, விட்டதும் வோல்ட் ஏறுகிறது. அந்தச் சுழற்சிதான் அப்படிக் கேட்கிறது.

ஒரே ஒரு "டிக்", விளக்கு அப்படியே பிரகாசமாக இருக்கிறது என்றால் தடித்த வழி எங்கோ அறுந்திருக்கிறது: ரிலேயின் உள் காண்டாக்ட் கருகியிருக்கலாம், அல்லது மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டுகள் தேய்ந்து தொடாமல் இருக்கலாம். ஒரே "டிக்" கேட்டு, விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, இல்லையென்றால் மோட்டார் இறுகிப்போய் கரண்டை இழுத்துக்கொண்டு சுற்றாமல் நிற்கிறது. இந்தக் கடைசி வகையில் மறுபடி மறுபடி பட்டனை அழுத்தாதீர்கள். முதலில் கிக்கரைக் கையால் அழுத்தி என்ஜின் லேசாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். கிக்கர் இல்லாத வண்டியில் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைத் தள்ளிப் பார்க்கலாம். என்ஜினே இறுகியிருந்தால், அல்லது கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகி சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியிருந்தால் பிரச்சினை செல்ஃபில் இல்லை.

மோட்டார் "விர்ர்" என்று தனியாகச் சுற்றுகிறது, என்ஜின் அசையவில்லை என்றால் மோட்டாரையும் என்ஜினையும் சேர்க்கும் ஒன்வே கிளட்ச் போயிருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். என்ஜின் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் செல்ஃபைத் தொடவே வேண்டாம். கில் சுவிட்ச், பெட்ரோல், பிளக் என்று வேறு பக்கம் போங்கள்.

அபூர்வமாக இன்னொன்று நடக்கும். பட்டனை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. ரிலே காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. ரிலேயை ஸ்பேனரால் தட்டினால் சில சமயம் விட்டுவிடும். விடவில்லை என்றால் உடனே பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். வயர் சூடாகியிருக்கும், துணி வைத்துப் பிடியுங்கள். அந்த ரிலேயை மறுபடி நம்ப வேண்டாம், புதிது போட்டுவிடுங்கள்.

பேட்டரி: மீட்டர் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள்

சைடு கவரைக் கழற்றி முதலில் இரண்டு முனைகளையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அங்கேயே நிறுத்தி, கழற்றி, சுத்தம் செய்து, இறுக்கி, மறுபடி பட்டனை அழுத்துங்கள். பல வண்டிகள் இந்த இடத்திலேயே சரியாகிவிடும். பழைய பேட்டரிகளின் பிளஸ் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, பிரஷால் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடித் துளை வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் ஆசிட் கெட்டுவிடும். துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கத் தேய்த்து, நட்டை இறுக்கிய பிறகு மேலாக வாஸ்லின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் தடவ வேண்டாம்.

இப்போது மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி இரவு முழுக்க நின்றிருக்க வேண்டும், ஓட்டி வந்த உடனே அளந்தால் எண் ஏமாற்றும். 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் சார்ஜ் நிறைவாக இருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் பேட்டரி கிட்டத்தட்ட காலி.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 12.7 காட்டியது, அதனால் பேட்டரி நல்லது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சும்மா நிற்கும்போது காட்டும் வோல்ட் பாதி உண்மைதான். மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈய முனைகளிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். வயர் வளையத்தில் வைக்காதீர்கள், ஈயத்திலேயே வையுங்கள். மோட்டார் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறது. 12.7-இல் இருந்தது சட்டென்று 7, 6 என்று விழுந்தால் உள்ளே தகடு போய்விட்டது, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் மீளாது. பட்டனை அழுத்தியும் எண் 12.5-ஐ விட்டு அசையவே இல்லை என்றால் பேட்டரியிலிருந்து கரண்ட் போகவே இல்லை. பேட்டரி மேல் எந்தக் குற்றமும் இல்லை, அதை மாற்றுவது வீண்செலவு.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியானால் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் ஆறு அறைகளிலும் அளவு இருக்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஆசிட்டும் ஊற்றக் கூடாது, ஆவியாகிப் போனது தண்ணீர்தான். பிறகு மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். பேட்டரியின் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும், 9 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். அவசரத்துக்குச் சில கடைகளில் அதிகக் கரண்டில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருவார்கள். பேட்டரி சூடாகித் தகடு வளைந்துவிடும், அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கார் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வது தவறில்லை. அதுவும் 12 வோல்ட்தான். ஆனால் கார் என்ஜின் ஓடக் கூடாது, அணைத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள். பைக் ஸ்டார்ட் ஆனதும் கேபிளை எடுத்துவிடலாம். பைக் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சொந்தப் பேட்டரியைக் கழற்றும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வோல்ட் தாறுமாறாக எகிறி பல்பும் சிடிஐயும் (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பெட்டி) போய்விடும்.

டிக் சத்தமே இல்லை என்றால்

மெல்லிய வழியைப் பார்ப்போம். முதலில் ஃபியூஸ். போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். சிகரெட் அட்டை ஈயத்தாளைச் சுற்றிப் போடுவதும் வயர் இழையைப் பாலம் போடுவதும் வயரிங் முழுவதையும் எரித்துவிடும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் கிளட்ச் சுவிட்ச். கிளட்ச் லீவருக்கு அடியில் சின்னதாக ஒரு கறுப்பு சுவிட்ச் இருக்கும். மழையிலும் தூசியிலும் அதன் முள் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அப்புறம் கிளட்ச்சைப் பிடித்தாலும் ரிலேக்குத் தெரியாது. வண்டியை நியூட்ரலில் போட்டுக் கிளட்ச் பிடிக்காமல் அழுத்திப் பாருங்கள், பிறகு கிளட்ச் பிடித்து அழுத்திப் பாருங்கள். பிடிக்காமல் எடுக்கவில்லை, பிடித்தால் எடுக்கிறது என்றால் கிளட்ச் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் நியூட்ரல் சுவிட்ச்தான் பழுது. நியூட்ரல் விளக்கு எரியாமல் இருப்பதும் ஒரு துப்பு. சில வண்டிகளில் சைடு ஸ்டாண்டுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து பட்டன். வாட்டர் சர்வீஸ் விட்டுவந்த மறுநாள் செல்ஃப் போனால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். அழுத்தமான தண்ணீர் ஹேண்டில் சுவிட்சுக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட் கறுத்துப்போகும். இரண்டு ஸ்க்ரூதான், ஆனால் திறக்கும்போது கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது, அது துள்ளி ஓடிவிட்டால் சுவிட்ச் செட்டையே வாங்க வேண்டியிருக்கும். காண்டாக்ட்டை நைசான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு மூடுங்கள்.

இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்கு முன் ஒரே அளவில் முடிவு தெரியும் வழி ஒன்று இருக்கிறது. ரிலேக்குப் போகும் மெல்லிய வயர்கள் இரண்டு, ஒரு கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) போயிருக்கும். கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாக மீட்டர் ஊசிகளை இரண்டு வயரிலும் விட்டு, நியூட்ரலில் பட்டனை அழுத்துங்கள். 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தும் "டிக்" இல்லையா? ரிலே காயில் போய்விட்டது, ரிலேயை மாற்றுங்கள். வோல்ட் வரவில்லையா? ரிலேயைக் குறை சொல்ல முடியாது, மேலே சொன்ன சுவிட்சுகளிலோ கப்ளர்களிலோ பழுது. சில வண்டிகளில் பட்டன் பிளஸ்ஸைக் கொடுக்கும், சிலவற்றில் எர்த்தைக் கொடுக்கும். இரண்டு வயருக்கும் நடுவில் அளந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

டிக் சத்தம் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை

இப்போது ரிலேயின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். பட்டனை அழுத்தாதபோதே 12 வோல்ட் காட்ட வேண்டும். ஒரு பக்கம் பேட்டரி பிளஸ், மறுபக்கம் மோட்டார் வழியாக எர்த், அதனால் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாருக்குள் கார்பன் தொடவில்லை, இல்லையென்றால் அதற்குப் போகும் வயர் விட்டுப்போயிருக்கிறது. மோட்டாரைக் கழற்றாமலேயே கிடைக்கும் நல்ல துப்பு இது.

12 காட்டினால் பட்டனை அழுத்துங்கள். "டிக்" என்றதும் எண் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வர வேண்டும், 0.2, 0.3 வரை இருக்கலாம். "டிக்" கேட்டும் எண் 12-லேயே நின்றால், அல்லது 2, 3 என்று நின்றால், ரிலேயின் உள் காண்டாக்ட் கருகிவிட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், பிரித்துத் தேய்த்துப் போடுவதில் பலனில்லை.

மீட்டர் இல்லாமல் தெருவில் நிற்கும்போது மெக்கானிக்குகள் இந்த இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துப் பார்ப்பார்கள். மோட்டார் சுற்றினால் ரிலேயோ மெல்லிய வழியோ பழுது என்று அர்த்தம். வேலை செய்யும் வழிதான். ஆனால் பொறி பறக்கும், போல்ட் முனை கருகும். செய்தே ஆக வேண்டும் என்றால் சாவியை அணைத்து, நியூட்ரலை இரண்டாவது முறை பார்த்து, பிளாஸ்டிக் பிடியுள்ள டிரைவரால், பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு நொடி மட்டும் செய்யுங்கள்.

எர்த்: யாரும் பார்க்காத இடம்

இந்தப் பகுதியைத்தான் நான் எல்லோரையும் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

எங்கள் பகுதியில் ஒருவர் தன் 150 சிசி வண்டியை ஆசையாக முழுக்கப் பெயிண்ட் அடித்து எடுத்துவந்தார். அன்றிலிருந்து செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது, ஒரு வாரத்தில் நின்றேபோனது. புதுப் பேட்டரி போட்டார்கள், அப்புறம் மோட்டாரை மாற்றினார்கள். எதுவும் ஆகவில்லை. பேட்டரி மைனஸிலிருந்து போகும் எர்த் வயரைத் தொடர்ந்து போனால் அது என்ஜின் மவுண்டுக்குப் பக்கத்தில் ஃபிரேமில் ஒரு போல்ட்டில் முடிந்தது. அந்த போல்ட்டைக் கழற்றியபோது வயர் முனை வளையத்தின் அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பெயிண்ட், வளையத்தின் அச்சு அதில் வட்டமாகப் பதிந்திருந்தது. போல்ட்டின் மரையில் பட்ட கொஞ்சம் இரும்பு வழியாகத்தான் அத்தனை நாளும் கரண்ட் போய்வந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்ட்டைச் சுரண்டி, வளையத்தைத் தேய்த்து இறுக்கியதும் முதல் அழுத்தலிலேயே எடுத்தது.

விளக்கெல்லாம் நன்றாக எரியும்போது செல்ஃப் மட்டும் ஏன் படுத்தது? கணக்கு எளிது. அந்த மோசமான இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்ததாக வைத்துக்கொள்வோம். 35 வாட் ஹெட்லைட் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். 3-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 0.15 வோல்ட் இழப்பு, கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியர் கேட்கிறது என்றால் அதே இணைப்பில் 3 வோல்ட் தொலையும். ஏற்கெனவே 10-க்கு இறங்கிய பேட்டரியில் 3 போனால் மோட்டாருக்கு 7 வோல்ட்தான். எங்கிருந்து சுற்றும்? மீட்டரை ஓம்ஸில் வைத்து அந்த வயரை அளந்தாலும் "பீப்" என்று கத்தி நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். சாதாரண மீட்டரால் 0.05 ஓமைப் பிடிக்க முடியாது.

அதனால் கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு ஊசி பேட்டரி மைனஸ் ஈயத்தில், இன்னொன்று என்ஜினில் பெயிண்ட் இல்லாத ஓர் இடத்தில், உதாரணமாக ஒரு போல்ட் தலையைச் சுரண்டி அதில். பட்டனை அழுத்துங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த் பாதையில் பழுது. இதே மாதிரி பேட்டரி பிளஸ் ஈயத்திலிருந்து மோட்டார் முனை போல்ட் வரை ஒரு முறை அளந்துவிடுங்கள், அதில் வயர், ரிலே, முனைகள் எல்லாம் அடங்கிவிடும். இழப்பு அதிகமாக இருந்தால் ஊசியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திப் போனால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். வயரின் மேல் உறை நன்றாக இருந்து உள்ளே செம்பு பச்சையாகிப் பொடிந்திருப்பதும் உண்டு, கடலோர ஊர் வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

மோட்டாரைக் கழற்றும் நேரம்

பேட்டரி, ரிலே, எர்த் மூன்றும் தேறி, மோட்டார் முனைக்கு 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் சுற்றவில்லை என்றால் பழுது மோட்டாருக்குள்தான். அதற்குமுன், ஒருவர் பட்டனை அழுத்தும்போது மோட்டார் உடம்பில் சுத்தியலின் மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். அதில் உயிர் வந்து சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. லேசாக என்றால் லேசாகத்தான். உள்ளே காந்தம் பசையில் ஒட்டியிருக்கிறது, ஓங்கி அடித்தால் பெயர்ந்துவிடும்.

மைனஸைக் கழற்றுங்கள். மோட்டார் முனையில் ரப்பர் மூடியை விலக்கி வயரை எடுங்கள். அந்த நட்டைத் திருப்பும்போது அடியில் இருக்கும் இன்னொரு நட்டு கூடவே திரும்பாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், திரும்பினால் உள்ளே கார்பன் தகடு முறியும். பிறகு இரண்டு போல்ட்டுகள். மோட்டாரை நேராக, லேசாக ஆட்டி ஆட்டி இழுங்கள். ஓ-ரிங் பிடித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் என்ஜின் ஆயில் சொட்டலாம், கீழே ஒரு டப்பா வையுங்கள்.

பிரிப்பதற்கு முன் மூடிகளும் உடம்பும் சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். நீளமான இரண்டு ஸ்க்ரூக்களை எடுத்தால் மூன்று துண்டுகளாக வரும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எந்தப் பக்கம் எத்தனை, எந்த வரிசை என்று போனில் படம் எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். உள்ளே முழுக்கக் கறுப்பு மாவாக இருந்தால் அது கார்பன் தேய்ந்த தூள். அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்தாலே கரண்ட் கசியும். பிரஷால் தட்டி, பெட்ரோல் இல்லாத கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

கார்பன் துண்டுகள் புதிதில் இருந்த நீளத்தில் பாதிக்குக் கீழே போயிருந்தால், அல்லது அதன் வால் வயர் கூட்டில் முட்டிக்கொண்டு ஸ்பிரிங்கால் அழுத்த முடியாமல் இருந்தால் மாற்ற வேண்டும். உங்கள் மாடலுக்கான கார்பன் செட் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தனியாகக் கிடைக்கும், முழு மோட்டார் வாங்கத் தேவையில்லை. ஆர்மேச்சரில் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) செம்புப் பட்டைகள் வட்டமாக இருக்கும் பகுதி கம்யூட்டேட்டர். அது காப்பி நிறத்தில் வழவழப்பாக இருந்தால் நல்ல அடையாளம். கறுத்திருந்தால் 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து ஆர்மேச்சரைச் சுழற்றித் தேயுங்கள். பட்டைகளுக்கு நடுவில் உள்ள பள்ளங்களில் அடைந்த தூளை உடைந்த ஹாக்ஸா பிளேடு நுனியால் கீறி எடுங்கள். அப்புறம் மீட்டரைப் பீப்பில் வைத்து அடுத்தடுத்த பட்டைகளைத் தொடுங்கள், எல்லா ஜோடியும் கத்த வேண்டும். ஒரு ஊசியைப் பட்டையிலும் மற்றதை ஷாஃப்ட்டிலும் வைத்தால் கத்தக் கூடாது. இதில் எது தவறினாலும் ஆர்மேச்சர் போய்விட்டது. ரீவைண்டிங் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இத்தனை சின்ன மோட்டாரில் அது நீடிப்பது அபூர்வம். புது மோட்டார்தான் என் தேர்வு.

பூட்டும்போது கார்பன்களை ஸ்பிரிங்குக்கு எதிராகப் பின்னுக்குத் தள்ளி நூலால் கட்டிவைத்துக்கொண்டால் ஆர்மேச்சர் சுலபமாக உட்காரும், பிறகு நூலை உருவிவிடலாம். ஓ-ரிங் தட்டையாகிப்போயிருந்தால் புதிது போட்டு, அதில் துளி ஆயில் தடவுங்கள். வண்டியில் மாட்டும் முன் ஜம்பர் கேபிளால் ஒரு நொடி சுற்றிப் பார்ப்பது நல்லது. கரண்ட் பட்டதும் மோட்டார் உதறும், காலடியில் கெட்டியாக அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்வே கிளட்ச்

மோட்டார் மட்டும் சுற்றி என்ஜின் சுற்றாத பழுதுக்கு வருவோம். மோட்டாரின் சுற்றை கிராங்குக்கு, அதாவது என்ஜினின் சுழலும் தண்டுக்கு, கொடுத்து, என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் தானாக விலகிக்கொள்வது ஒன்வே கிளட்ச்சின் வேலை. உள்ளே உருளைகளும் சின்ன ஸ்பிரிங்குகளும் தேய்ந்தால் வழுக்கும். சட்டென்று ஒரே நாளில் போகாது. முதலில் எப்போதாவது ஒரு முறை வழுக்கும், பிறகு காலையில் மட்டும், பிறகு எப்போதும். பேட்டரி பலவீனமாக இருக்கும்போது பட்டனை விட்டுவிட்டு அழுத்துவதும் என்ஜின் எதிர்த்து உதறுவதும் இதன் ஆயுளைக் குறைக்கும். பெரும்பாலான வண்டிகளில் மேக்னட் கவரைத் திறந்து, மேக்னட்டை (கிராங்கோடு சுற்றும் காந்தச் சக்கரம்) புல்லர் போட்டு எடுத்தால்தான் இதைத் தொட முடியும். இதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். போகும்போது "செல்ஃப் எடுக்கல" என்று மட்டும் சொல்லாமல், "மோட்டார் சுத்துது, என்ஜின் சுத்தல, ஒன்வே பாருங்க" என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் மோட்டாரைக் கழற்றும் வேலை மிச்சமாகும்.

வழியில் நின்றுவிட்டால்

கிக்கர் இருந்தால் கவலை இல்லை. பழைய வண்டிகளின் கிக்கரை அதனாலேயே நான் மதிக்கிறேன், துருப்பிடிக்காமல் மாதம் சில முறையாவது அதை மிதித்துவையுங்கள். கிக்கர் இல்லை என்றால் இரண்டாவது கியரில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டு மறுபடி பிடியுங்கள். முதல் கியரில் சக்கரம் இழுபடும். கார்புரேட்டர் வண்டிகள் பல, பேட்டரி மிகவும் இறங்கியிருந்தாலும் இப்படி எடுத்துவிடும். எஃப்.ஐ. (ஃபியூல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பேட்டரி சுத்தமாகக் காலி என்றால் பெட்ரோல் பம்ப்பே ஓடாது, எவ்வளவு தள்ளினாலும் எடுக்காது.

எந்த வண்டியானாலும் ஒரே மூச்சில் 5 நொடிக்கு மேல் பட்டனை அழுத்தக் கூடாது. விட்டு, 15 நொடியாவது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஓய்வு கொடுத்து அப்புறம் அழுத்துங்கள்.

எடுத்த பிறகு இன்னொரு அளவு

செல்ஃப் சரியானதும் சைடு கவரை உடனே மூடிவிடாதீர்கள். பேட்டரி ஏன் இறங்கியது என்று தெரியாமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் அதே வழியில் போகும். என்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்து, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. 12.5-லேயே நின்றால் மேக்னட் காயிலிலோ (என்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் காயில்) ரெகுலேட்டரிலோ (பேட்டரிக்குப் போகும் வோல்ட்டை அளவாக வைக்கும் பெட்டி) அதன் கப்ளரிலோ பழுது. கப்ளரை முதலில் பாருங்கள், கருகி உருகியிருக்கும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது. பேட்டரி கொதித்துத் தண்ணீர் அடிக்கடி குறைவதற்குக் காரணம் அதுதான்.

கூடுதல் ஃபாக் லைட், பெரிய ஹாரன், மொபைல் சார்ஜர் என்று பின்னால் சேர்த்தவை இருந்தால் சாவியை அணைத்த பிறகும் அவற்றில் ஏதாவது கரண்ட் எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்தால் போதும். வயரிங்கில் கைவைக்காத, கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் அது பூஜ்யத்தைத்தான் காட்ட வேண்டும். இந்த நிலையில் சாவியைத் திருப்பவோ பட்டனை அழுத்தவோ கூடாது, செல்ஃப் கேட்கும் கரண்ட்டில் மீட்டர் ஃபியூஸ் போய்விடும். பூஜ்யம் இல்லை என்றால் சேர்த்த பொருட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போங்கள், எண் விழும் இடத்தில் திருடன் இருக்கிறான்.